பொயிலரும் பின்னறை ஜன்னலும்

ஜனவரி 14, செவ்வாய்

தூறல். காற்று. தைப்பொங்கல், வேலைக்கு லீவு.

பானை அடுப்பில். பால் இன்னும் பொங்கவில்லை. பின்னாலிருந்து இவர், "பொங்கீற்றுது! கௌரி, பொங்கீற்றுது!" பானையைப் பார்த்தேன். அது தன்பாட்டில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மூலையில், வீட்டைச் சூடாக்கும் பொயிலர். அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி, அலுமாரிக் கதவால் இறங்கி, அரிசி மூட்டையை நோக்கிப் போகிறது. இவர் கையில் தேங்காய். உடைப்பதா ஓடுவதா என்று தெரியாத முகம்.

முதலில் அரிசியைக் காப்பாற்றினேன். பிறகு மெயின் தண்ணீரை மூடினேன். பிறகு அண்ணைக்குப் போன்.

பரா அண்ணை அப்டன் பார்க்கிலிருந்து வானோடு வந்தார். வந்ததும் பொங்கல் சாப்பிட்டார். இன்னொரு தட்டும் சாப்பிட்டார். பிறகுதான் பொயிலரின் மூடியைக் கழற்றினார். ஜேர்மனியில் இருபது வருடம் ஹீற்றிங் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அதை நாங்கள் மறந்துபோக விடமாட்டார்.

"ஜேர்மனியில எண்டால் இதை மியூசியத்தில வைச்சு ரிக்கெற் வித்திருப்பாங்கள்."

"திருத்த ஏலாதோ மச்சான்?" இவர்.

"ஒழுக்கை நிப்பாட்டலாம். ஒரு பார்ட் ஓடர் பண்ணோணும். அதைப் போட்டாலும் பங்குனி வரைக்கும் இழுத்தால் பெரிசு. இப்பவே புதுசு பாருங்கோ."

பார்ட் வரும்வரை ஹீற்றிங் இல்லை. இவர் ஸ்வெட்டர், அதற்குமேல் ஜக்கெற், கம்பளித் தொப்பி, சொக்ஸுக்கு மேல் சொக்ஸ். சோபாவில் ஒரு மூட்டை இருந்து செய்தி பார்த்தது.

நான் மெல்லிய பருத்திச் சட்டையோடு சமையலறையில். வீட்டுக்குள் பதின்மூன்று டிகிரி. இரண்டு வருடத்தில் இந்த வீட்டில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. முகத்தில் காட்டவில்லை.

ஜனவரி 16, வியாழன்

வெயில், ஆனால் கடும் குளிர். பார்ட் இன்னும் வரவில்லை.

நான் வேலைசெய்யும் பார்மசியில் நல்ல சனம். ஒரு பெண் கவுண்டரில் நின்று கண் கலங்கினாள். தோலில் ஒட்டுகிற ஹோர்மோன் பேட்ச் வாங்க வந்தவள். என் வயதுதான் இருக்கும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம். "சொல்லுங்கள், கட்டாயம் புரிந்துகொள்வார்கள்" என்றேன். எவ்வளவு அன்பான குரல் எனக்கு! சொல்லும்போது என் இடுப்பிலும் அதே பேட்ச்.

இவருக்குச் சொல்லவில்லை. மதுவுக்குத் தெரியும். மகள் மான்செஸ்டரில் இருந்துகொண்டு ஒவ்வொரு கிழமையும் "அம்மா, அப்பாட்ட சொல்லிட்டீங்களா?" என்கிறாள்.

எந்தச் சொல்லால் சொல்வது? 'மாதவிடாய் நிறுத்தம்' என்றால் பஸ் நிறுத்தம் மாதிரி இருக்கிறது. இவர் பஸ் ஓட்டுகிறவர். எந்த ரோட்டில் என்று கேட்பார்.

ஒருமுறை, "உடம்பெல்லாம் எரியுது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மிளகாய்த் தூளைக் குறையும்" என்றார்.

ஒக்டோபரிலிருந்து மதுவின் பின்னறையில்தான் படுக்கிறேன். சொன்ன காரணம், இவருடைய அதிகாலை அலாரம். உண்மையான காரணம், ஜன்னல். முன்னறையில் ஜன்னலைத் திறந்தால் இவர் விறைத்துப் போவார். பின்னறையில் சூடு தருகிற றேடியேற்றரை மூடிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து, ஃபானையும் போட்டுவிடலாம்.

நாளைக்கு: பால், கத்தரிக்காய், இவருடைய இருமல் மருந்து.

ஜனவரி 18, சனி

மூட்டம். பார்ட் வந்தது. அண்ணை வந்தார், பூட்டினார், ஜேர்மனியைப் பற்றிச் சொன்னார், போனார். வீடு மறுபடி அடுப்பு. இவர் தொப்பியைக் கழற்றினார். நான் பிரிட்ஜைத் திறந்து உள்ளே ஏதோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.

என்ன வாங்குவது என்று இதுவரை வந்த ஆலோசனை:

அண்ணை — காஸ் பொயிலர். ஜேர்மன்.

மது — ஹீட் பம்ப். வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு தண்ணீர்த் தாங்கி. குளிர்காற்றிலிருந்தே சூட்டை எடுக்குமாம்.

இவர் — எது கூடச் சுடுமோ அது.

நான் — கேட்கவில்லை ஒருவரும்.

போனில் மது: "அப்பா, ப்ளீஸ், இன்னொரு காஸ் பொயிலர் வாங்காதீங்கோ. பூமியே எரியுது."

"எரியட்டும் பிள்ளை. எனக்குக் குளிருது."

"சீரியஸ்லி அப்பா, ஹீட் பம்ப்தான் பியூச்சர்."

"வெளியில ஒரு டிகிரி. அதுக்குள்ள இருந்து என்னத்தைச் சூடு எடுக்கிறது? ஐஸ்கிறீமுக்குள்ள கையை விட்டுக் குளிர்காயிற மாதிரி."

உடுப்பெல்லாம் கழுவி, காயவைத்து, மடித்தேன். குளிக்கப் போனால் இடுப்பில் பேட்ச் இல்லை. துவாய், படுக்கை, மெஷினின் உள்பக்கம் எல்லாம் தேடினேன். காணவில்லை. புதிதாக ஒன்று ஒட்டினேன்.

ஜனவரி 20, திங்கள்

வேலையால் வந்த இவருடைய முகம் சரியில்லை. கிட்ட வந்து என் தோளை மோந்து பார்த்தார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. மீன் பொரிச்சனீரோ?"

பொரிக்கவில்லை. வெண்டைக்காய்க் கறி.

பிறகு பின்னறைக்குப் போய் ஜன்னல் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். குனிந்து தோட்டத்தையும் பார்த்தார். ஹீட் பம்புக்கு இடம் பார்க்கிறாராக்கும். மது வென்றுவிட்டாள் போலிருக்கிறது.

ஜனவரி 22, புதன்

மழை. தலைமயிர் வெட்டவேண்டும்.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெற் மின்ற் இனிப்பு. சீனி இல்லாத சுவிங்கம். இவர் வைத்தது. கேட்டால், "சும்மா. வாய்க்கு நல்லது." நான் உள்ளங்கைக்குள் ஊதிப் பார்த்தேன். வாய் மணக்கிறதோ?

சாப்பிட்ட பிறகு கேட்காமலே எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார். எனக்குப் பயமாக இருந்தது. கையில் நுரையோடு நின்று இவர் கேட்டார்.

"வேலையில ஏதும் கரைச்சலோ?"

"இல்லை."

"என்னோட ஏதும் கோவமோ?"

"இல்லையே."

"சனிக்கிழமையில மார்ஷ் புல்வெளிப் பக்கம் நடப்பமோ? நடந்தால் நெஞ்சுக்கு நல்லது."

இவர்! குப்பை வைக்க வெளியே போவதற்கே கையுறை தேடுகிறவர்.

பின்னேரம் அண்ணை போன். குரல் ஒருமாதிரி.

"விடுறது கஸ்ரம்தான் தங்கச்சி. எனக்கு விளங்குது. நானும் ஜேர்மனியில எவ்வளவோ கஸ்ரப்பட்டுத்தான் விட்டனான்."

"என்னத்தை அண்ணை?"

"சரி, நீ சொல்லவேண்டாம். ஆனால் விட்டிடு."

வைத்துவிட்டார். காஸைத்தான் சொல்கிறாரோ? அண்ணையும் ஹீட் பம்ப் பக்கம் போய்விட்டாரென்றால் பெரிய அதிசயம்.

ஜனவரி 25, சனி

எங்கிருந்து தொடங்குவது? இரண்டு தரம் எழுதி வெட்டினேன். சிரிப்பும் வருகிறது.

வீட்டை அளந்து, எந்த அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போட ஒரு பெண் வந்தாள். மது ஒழுங்கு செய்தது. வெள்ளைக்காரி வருவாள் என்று ஹோலைக் கூட்டி வைத்திருந்தோம். வந்தது கோயம்புத்தூர்ப் பிள்ளை. பெயர் கிருத்திகா. "வணக்கங்க, தமிழா நீங்க?" என்றாள். கையில் ரப்லெற் கணினி, சிவப்புப் புள்ளி விழுகிற அளவுக்கருவி.

அண்ணையும் வந்திருந்தார், அவளை மடக்க. ஆனால் இரண்டு பேரும் பைப், றேடியேற்றர் என்று கதைத்துக் கதைத்து எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். சண்டை பார்க்கக் காத்திருந்த இவருக்குத்தான் ஏமாற்றம்.

மேலே போனோம்.

"எந்த ரூம்ல யாரு படுப்பீங்க சார்?"

"முன்னறையில. நாங்கள் ரெண்டு பேரும்" என்றார் இவர்.

அடுத்து பின்னறை. என் கட்டில், என் கண்ணாடி, என் செருப்பு. ஜனவரி மாதத்தில் ஃபான் சுற்றுகிறது. ஜன்னல் திரை கொடி மாதிரிப் பறக்கிறது.

கிருத்திகா றேடியேற்றரைத் தொட்டாள். "இது ஆஃப்ல இருக்கே. ஜன்னல் எப்பவும் இப்படித் திறந்தேதான் இருக்குமாங்க? அப்படின்னா கணக்கே மாறிடும்."

இவர் தொண்டையைச் செருமினார்.

"இனித் திறக்காது பிள்ளை. கொஞ்ச நாளில எல்லாம் சரியாயிடும். நாங்கள் எல்லாரும் அவவுக்கு உதவியாய் இருக்கிறம்."

"எனக்கு என்ன உதவி?"

"கௌரி, எனக்குத் தெரியும். நான் கோவிக்கேல்லை."

"என்ன தெரியும்?"

இவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை முகட்டைப் பார்த்தார்.

"சிகரெட்" என்றார் இவர், செத்த வீட்டில் கதைக்கிற குரலில்.

"ஆர் குடிக்கிறது?"

"நீர்தான். ஜன்னல் எந்த நேரமும் திறந்திருக்கு. தனிய வந்து படுக்கிறீர். முகம் சிவக்குது. பேந்து அந்த ஒட்டுறது. என்ர ஷேட்டில, முதுகுப்பக்கம் ஒட்டியிருந்தது. டிப்போவில ஒருத்தன்தான் பிய்ச்சுத் தந்தவன். அவனும் சிகரெட்டை விடேக்க இப்பிடித்தான் ஒட்டினவனாம்."

உடுப்பு மடிக்கும்போது என்னிலிருந்து கழன்ற பேட்ச். இவருடைய முதுகில் ஏறி, ஒரு முழு ஷிப்ட் பஸ்ஸில் ஊர் சுற்றியிருக்கிறது. அன்றைக்காவது குளிரவில்லையா என்று கேட்க நினைத்தேன்.

கேட்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது. நெஞ்சிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காது, நெருப்பு மாதிரி. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் ஒரு சிகரெட்டும் குடிக்கேல்லை. எனக்குப் பீரியட் நிக்கிற வயசு. ரெண்டு வருசமாய் உடம்பு எரியுது. வேர்த்து ஊத்துது. நித்திரை இல்லை. அந்த ஒட்டுறது ஹோர்மோன். நான் ஜன்னலைத் திறக்கிறது மூச்சுவிட. பொங்கலில இருந்து நீங்கள் எல்லாரும் சூடு, சூடு, எவ்வளவு சூடு எண்டு கதைக்கிறியள். எனக்குக் குளிர் வேணும். இந்த வீட்டில ஒரு மூலையிலயாவது எனக்குக் குளிர் வேணும்!"

"மீற்றரை ஒருக்காப் பாக்கோணும்" என்று அண்ணை படியிறங்கினார். சற்றுப் பொறுத்து வான் ஸ்டார்ட் ஆகிற சத்தம். மீற்றர் எங்கே இருக்கிறது என்று நினைத்தாரோ.

கிருத்திகா ரப்லெற்றில் எதையோ தட்டினாள். "அப்ப கூலிங்கும் வேணும்னு போட்டுக்கறேன் மேடம்." பிறகு, நிமிராமலே, "எங்கம்மா இப்பல்லாம் வெறும் டைல்ஸ் தரையிலதான் படுக்கறாங்க. ஏம்மான்னு கேட்டா வெயில்ங்கறாங்க. மார்கழியில கூட வெயில்னாங்க. இன்னைக்குப் போன் பண்ணிக் கேக்கணும்."

இவர் என் கட்டில் விளிம்பில் அப்படியே இருந்தார். பிறகு தேத்தண்ணி போடப் போனார். வந்த தேத்தண்ணியில் தேயிலை இல்லை. வெறும் பாலும் சுடுதண்ணியும். கிருத்திகா ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். நல்ல பிள்ளை.

அவள் போன பிறகு, படுக்கும்வரை இவர் ஒரு சொல் பேசவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

உறைகுளிர். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். போகும்போதும் பேச்சில்லை. எனக்கும் ரோசம். நான் ஏன் முதலில் கதைக்கவேண்டும்?

அருச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது இவர் என் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னார். திருத்தினேன். அவ்வளவுதான் கோயிலில் நடந்த பேச்சு.

திரும்பி வரும்போது, ட்ரபிக்கில்:

"அந்தப் பிள்ளையைக் கண்டு அரை மணித்தியாலம். அதுக்குச் சொல்லுறீர். எனக்குச் சொல்லேல்லை."

கோபம் இல்லை. அதைவிட மோசம், குரல் உடைந்திருந்தது. இவருடைய மனக்குறை சிகரெட்டும் இல்லை, ஜன்னலும் இல்லை. இது.

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"பார்மசியில ஊருக்கெல்லாம் சொல்லுறீர்."

"அது இங்கிலிசில. அந்தப் பக்கத்தில நிக்கிறது வேற ஆரோ."

கொஞ்சத் தூரம் போனோம்.

"உண்மையாச் சிகரெட் குடிச்சிருந்தால் சொல்லியிருப்பீரோ?"

யோசித்தேன். "ஓம். சிகரெட் எண்டால் சொல்லியிருப்பன்."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும். பக்கத்துக் காரில் இருந்தவன் எங்களைப் பார்த்தான். ஒரு கிழமையாக இவர் என் கைப்பைக்குள் சிகரெட் தேடியிருக்கிறார். லிப்ஸ்ரிக்கைக்கூடத் திறந்து பார்த்தாராம்.

சிரித்ததில் எனக்கு மறுபடி எரிந்தது. சால்வையை இழுத்து எறிந்தேன். இவர் ஒன்றும் கேட்காமல் என் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு தன் பக்கத்தையும். வால்தம்ஸ்டோ வீடு வரும்வரை அப்படியே ஓட்டிவந்தார். மூக்கு நுனி சிவந்து, பல்லு அடித்தது. "இப்ப சரியோ, இப்ப சரியோ" என்று கேட்டுக்கொண்டே.

எப்போதோ சரியாகிவிட்டது. சொல்லவில்லை. கொஞ்சம் அனுபவித்தேன்.

ஜனவரி 30, வியாழன்

தூறல். கிருத்திகா மூன்று தெரிவு அனுப்பியிருக்கிறாள். புதுக் காஸ் பொயிலர். அல்லது ஹீட் பம்ப். அல்லது ஹீட் பம்போடு, குளிரும் சூடும் இரண்டும் தரக்கூடிய ஒரு பெட்டி, ஏதாவது ஓர் அறைச் சுவரில்.

அண்ணை வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ரொட்டி வாட்டுகிற ரோஸ்டரோடு கதைத்தார்.

"மூண்டாவதை எடுங்கோ. அந்தப் பிள்ளை சரியாய்த்தான் கணக்குப் போட்டிருக்கு."

"காஸ் பொயிலர் எண்டு நிண்டனீங்கள் அண்ணை?"

ரோஸ்டரின் தூளைத் துடைத்தார். "உன்ர அண்ணி ஜேர்மனியில ஒரு மாரிக்குளிர் முழுக்கப் பல்கனிக் கதவடியில பாய் போட்டுப் படுத்தவ. நான் என்னோட சண்டை எண்டு நினைச்சன். நானும் முறைச்சுக்கொண்டு திரிஞ்சன்."

"அண்ணியிட்டக் கேட்டனீங்களோ?"

"சனிக்கிழமை வானுக்குள்ள இருந்து கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"இப்பதான் கேக்கத் தெரிஞ்சுதோ எண்டு கேட்டுப்போட்டுப் போனை வைச்சிட்டா."

அண்ணை போன பிறகு இவர், கிருத்திகா அனுப்பிய வீட்டுப் படத்தை மேசையில் விரித்தார். இரண்டு நாளாக அதே வேலை. போனில் ஏதேதோ வாசிக்கிறார். பஸ்ஸில் ஏறுகிற ஐம்பது வயதுப் பெண்களையெல்லாம் அனுதாபத்தோடு பார்ப்பதாகச் சொன்னார். பார்க்கவேண்டாம், அடி வாங்குவீர்கள் என்றேன்.

இவருடைய தீர்மானம்: அந்தப் பெட்டி முன்னறைக்கு. "நான் ரெண்டு கம்பளி போட்டுப் படுக்கிறன். நீர் திரும்பி வரலாம்."

நல்ல மனிதர். ஓம் என்று சொல்லியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும்.

ஆனால் எனக்கு அந்தப் பின்னறை பிடித்துவிட்டது. எரிச்சலுக்காக மட்டும் இல்லை. அங்கே என் லைட்டை நான் நினைத்தபோது போடலாம். காலை அகட்டிப் படுக்கலாம். இதை எழுதலாம். பிறந்த வீட்டில் தங்கச்சிகளோடு, பிறகு இவரோடு, பிறகு மதுவோடு. எனக்கென்று ஓர் அறை இருந்ததே இல்லை.

சொன்னேன். இந்த முறை ஒளிக்காமல், தமிழில், மெதுவாக. "பெட்டி பின்னறைக்கு. எனக்கு அந்த அறை பிடிச்சிருக்கு."

இவர் படத்தில் அந்த அறையை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்?"

சோறு வேகிற சாட்டில் எழும்பிப் போனேன்.

பெப்ரவரி 1, சனி

ஓடர் கொடுத்தாயிற்று. இவரே போனில் கொடுத்தார். "கூலிங் யுனிற், பின்னறைக்கு. என்ர மனிசிக்கு" என்று உரத்துச் சொன்னார், லைனில் இருந்தவன் கேட்காமலே. வெளிப்பெட்டி வைப்பதற்குக் கவுன்சிலைக் கேட்கவேண்டுமாம். அதைக் கிருத்திகா பார்க்கிறாள்.

தண்ணீர்த் தாங்கிக்கு மேல்மாடி அலுமாரி வேண்டும். உள்ளே இருந்தவை: உடைந்த சில்லுச் சூட்கேசுகள், மதுவின் கீபோர்ட், யாரோ கலியாணத்துக்குத் தந்த பெட்டி உடைக்காத இரவு விளக்கு, சூட்கேசுக்குள் சூட்கேஸ். எறிவதற்கு இவர் மூன்று மாதம் யோசிப்பார் என்று நினைத்தேன். பின்னேரத்துக்குள் எல்லாம் வாசலில்.

மதுவுக்குச் சொன்னேன். "அம்மா! சொல்லிட்டீங்களா? கடைசியா! அப்பா என்ன சொன்னார்?"

"மிளகாய்த் தூளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

மார்ச் 12, புதன்

வெயில்! ஹீட் பம்ப் பூட்ட வந்தார்கள். இரண்டு பொடியன்கள், போலந்துக்காரர். எங்கும் தூசி. பழைய பொயிலரைத் தூக்கிக்கொண்டு போனபோது இவர் வாசல்வரை கூடவே போனார். அண்ணை படம் எடுத்தார், எதற்கோ.

மூன்று மணிக்கு றேடியேற்றர் மெல்ல இளஞ்சூடு. இவர் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொதிக்கேல்லையே. பழுதோ?" பழுதில்லை, இது இப்படித்தான், நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று அண்ணை விளங்கப்படுத்தினார். இவர் நம்பவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குள் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டார். கழற்றியது அவருக்கே தெரியவில்லை.

பின்னறையில் ரிமோட் என் கையில். பதினேழு. நெற்றியில் காற்று. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பகல் சாப்பாடு ஆயிற்று. ஆட்டிறைச்சிக் கறி, உறைப்புக் குறைக்காமல். வெளியே மெல்லிய மழை. கிழமை முழுக்க நல்ல நித்திரை. இவருக்கும் குளிர் இல்லை, ஆனால் வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றித் திரிகிறார். ஹோலில் கொஞ்ச நேரம், படியில் கொஞ்ச நேரம். நேற்று ரீவியைப் போடாமலே அதற்கு முன்னால் இருந்தார்.

நாளைக்கு வாங்க: மா, பருப்பு, சலவைத்தூள். மதுவுக்கு அனுப்ப மிக்சர்

கதவில் தட்டுகிற சத்தம். இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் இதுவரை யாரும் தட்டியதில்லை.

"ஆர்?" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

"நான்தான். நேசன்."

தன் பெயரைச் சொல்கிறார், எனக்கு.

"என்ன வேணும்?"

"ஒண்டுமில்லை. உள்ள எப்பிடிக் குளிருது எண்டு பாப்பம் எண்டு. வரலாமோ?"

கதவுக்குக் கீழே இடைவெளியால் பார்த்தால் அவருடைய கால். இரண்டு காலுக்கும் நடுவில் போர்வையின் நுனி தரையில் இழுபடுகிறது. பெரிய போர்வை, முன்னறைக் கட்டிலில் இருந்தது. தலையணையும் கொண்டுவந்திருப்பார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

"ஓம், ஓம். பொறுக்கிறன்."

பொறுக்கிறார். மெல்ல இருமுகிறார். கட்டிலில் இருக்கிற துணியையெல்லாம் எடுத்துக் கதிரையில் போடவேண்டும், இவர் சுவர்ப் பக்கம்தான் படுப்பார், எழுதுகிற இந்தக் கொப்பியையும் மூடி